கிராணியின் முதல் வரி

சீழைப் பார்த்துச் செல்வராணி ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. காலில் புண் வந்து, புண்ணில் புழு வைத்து, அதன் மேல் சாணத்தையும் அப்பிக்கொண்டு வருகிற தோட்டத்து ஆட்களை உட்காரவைத்து, ஒவ்வொரு புழுவாக இடுக்கியால் எடுத்துப் போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு நேரே போய்ச் சோறு தின்பாள். கூடப் படித்த ராசம்மாதான், "அலமாக், எப்படிடி உனக்குச் சோறு எறங்குது?" என்று மலாய்க்காரி மாதிரி வியந்து கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள். அப்பேர்ப்பட்ட செல்வராணிக்குக் குமட்டிக்கொண்டு வந்தது புதன்கிழமைச் சாயங்காலங்களில்தான். அன்றைக்குத்தான் செல்லப்பன் கிராணி இங்கிலீஷ் எழுதக் கற்றுக்கொடுக்க வருவார்.

மலாயாவில், மூவாரிலிருந்து ஆற்றோடு மேலே போனால், நாலு ரப்பர் தோட்டங்கள் சேர்ந்து நடத்திய ஆஸ்பத்திரி அது. தகரக் கூரை, பலகைச் சுவர், மழை பெய்தால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதும் காதில் விழாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்து வாக்கில், வெறும் ஆயாக்களை வைத்துக்கொண்டு இனிமேல் காலம் தள்ள முடியாதென்று துரைமார்களுக்கு ஞானம் பிறந்து, தமிழ்ப் பெண்கள் ஐந்து பேரை நர்ஸ் வேலை பழகச் சேர்த்தார்கள். எல்லாரும் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாறு வகுப்பு படித்தவர்கள். இங்கிலீஷ் வாசிக்க வரும், எழுதச் சொன்னால் விரல் விறைத்துப்போகும்.

ஆனால் அந்த ஆஸ்பத்திரியே எழுத்தில்தான் ஓடியது. டாக்டர் துரை ஆற்றுக்கு அக்கரையில் பங்களாவில் இருந்தார். செவ்வாயும் வெள்ளியும் மட்டுமே வருவார். மற்ற நாட்களில், இரவு வேலை பார்த்த பெண் விடிந்ததும் நோயாளிகளைப் பற்றி இங்கிலீஷில் ரிப்போர்ட் எழுத வேண்டும். மணியம் என்கிற தபால்காரர் அதை உறையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் துறைக்குப் போய், சம்பான் படகில் அக்கரை சேர்ந்து, டாக்டர் பசியாற உட்காரும் நேரத்துக்கு மேஜையில் வைப்பார். அவசரமென்று பட்டால் டாக்டர் கிளம்பி வருவார். படாவிட்டால் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்புவார். ஆக, ஒரு உயிர் ஆற்றைத் தாண்டி உதவி கேட்பதற்கு இருந்த ஒரே வாய் அந்தத் தாள்தான்.

அந்த வாய்க்குப் பேசக் கற்றுக்கொடுக்க, நர்ஸுகளுக்குத் தலைவியான மேட்ரன் தேடிப் பிடித்த ஆள் செல்லப்பன் கிராணி. தோட்டத்து ஆபீசில் கிராணியாக முப்பது வருஷம் கணக்கெழுதி ஓய்ந்தவர். அந்தச் சுற்றுவட்டாரத்துக்கே கடிதம் எழுதிக்கொடுப்பவரும் அவர்தான். ஊரில் இருக்கிற தாய்க்கு, பெண்டாட்டிக்கு, பங்காளிக்கு, எல்லாருக்கும் அவர் கைதான். கல்யாணக் கடிதம் என்றால் நாலு மூலையிலும் மஞ்சள் தடவுவார், சாவுக் கடிதம் என்றால் கறுப்பு. இரண்டும் இல்லாத கடிதங்கள் அத்தனையும் ஒரே மாதிரித்தான் ஆரம்பிக்கும். இங்கிலீஷ் ரிப்போர்ட்டையும் மனுஷன் அந்த அச்சிலேயே வார்த்தார்.

"கடுதாசி எழுதத் தெரியுமில்ல உங்களுக்கு?" என்று முதல் வகுப்பிலேயே கேட்டார். "எடுத்த எடுப்புல என்னா எழுதுவோம்? இவ்விடம் யாவரும் நலம், அவ்விடம் நலமறிய அவா. அப்புறம்? நிற்க. அந்த நிற்கவப் போட்டுட்டுத்தான் மாடு செத்தது, மச்சான் ஓடிப்போனதெல்லாம். ரிப்போர்ட்டும் அதே மாதிரிதான். மனுசனுக்கு மனுசன் எழுதுறதுல ஒரு மரியாத வேணும்."

பிறகு கரும்பலகையில் பெரிதாக ஒரு வரி எழுதினார். பேஷண்ட் பாஸ்டு எ கம்ஃபர்டபிள் நைட். நோயாளி இரவைச் சுகமாகக் கழித்தார்.

"இதுதான் மொத வரி. யாரா இருந்தாலும் சரி, என்னா சீக்கா இருந்தாலும் சரி. தொரை முட்டைய ஒடைச்சு வச்சுப் பசியாறிக்கிட்டு இருப்பாரு. அந்த நேரத்துல போயி பேதி, சீழு, ரத்தம்னு மூஞ்சில அடிச்சாப்புல எழுதுவீங்களா? தமிழச்சிங்களுக்கு நாகரிகம் இல்லன்னுல்ல நெனைப்பாரு?"

இவ்வளவு நாகரிகம் பேசுகிற வாய் சும்மா இருந்ததா என்றால் இல்லை. வெற்றிலையை அதக்கி அதக்கி, வார்த்தைக்கு ஒரு தடவை துப்பிக்கொண்டே இருக்கும். துப்பினது எதில் தெரியுமா? நோயாளி வாந்தி எடுத்தால் ஏந்துகிற வெள்ளை எனாமல் தட்டில். மேஜைமேல், சாக்குக்கட்டிப் பெட்டிக்குப் பக்கத்தில், அந்தத் தட்டு சிவப்புச் சிவப்பாக நிறைந்துகொண்டிருக்கும். வகுப்பு முடிந்ததும், எவள் தாளில் சிவப்பு மையால் அதிகத் திருத்தமோ அவள் அதைக் கழுவ வேண்டும் என்பது கிராணி போட்ட சட்டம். கழுவினவள் பெரும்பாலும் செல்வராணிதான்.

ஏனென்றால் அவளுக்கு அந்த முதல் வரி கைக்கு வரவில்லை. கண்ட மாத்திரத்தில் எது பயமாக இருந்ததோ அதைத்தான் முதலில் எழுதினாள். பழைய டாக்டராக இருந்தால் கவலையில்லை, அவர் கிராணியை அறிந்தவர், முதல் வரியைச் சிரித்துத் தள்ளிவிட்டு இரண்டாவது வரிக்குப் போவார். இப்போது இருந்தவர் சீமையிலிருந்து புதிதாக வந்தவர். அவர் படித்த இடத்தில் முதல் வரிதான் வரி. சுகம் என்று முதலில் இருந்தால், கீழே இருப்பதெல்லாம் சில்லறை.

வகுப்பு புதன்கிழமை மட்டும்தான் என்றாலும், மேட்ரன் உத்தரவுப்படி தினமும் விடியற்காலையில் ஒவ்வொரு ரிப்போர்ட்டும் கிராணி கண்ணைத் தாண்டித்தான் உறைக்குள் போகும். அவருக்குப் பிடிக்காத தாளைச் சிவப்பு மையோடு மேட்ரனிடம் அனுப்புவார். மூன்று தாள் அப்படிப் போனால், இவளுக்கு எழுத்து வராது என்று மேட்ரன் வீட்டுக்கு அனுப்பிவிடுவாள். செல்வராணி தாள் இரண்டு போய்விட்டது. வீடு என்றால் விடியுமுன்னே பால் மரம், கொசுக்கடி, தோளை அறுக்கிற வாளி. அதற்கு மேல், இரண்டு பெண்டாட்டிகளைப் புதைத்த கங்காணியின் மச்சினன் வேறு அவளைக் கேட்டுக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரியில் இருக்கிறவரையில் அப்பாவால் அவனைத் தள்ளிப்போட முடிந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை, டாக்டர் படகேறிப் போன பிறகு, கருப்பாயியை மாட்டு வண்டியில் கொண்டுவந்தார்கள். லயத்து வீட்டில் பிள்ளை பெற்றுச் சில நாள்தான் ஆகியிருந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. புருஷன் வீரமுத்து பச்சைப் பிள்ளையை ஒரு துண்டில் சுற்றித் தன் மார்போடு பிடித்திருந்தான். பால் வெட்டிவிட்டு அப்படியே ஓடி வந்தவன், சட்டையெல்லாம் ரப்பர் பால் உறைந்து ஒட்டிக்கிடந்தது.

துணியை மாற்றும்போதே செல்வராணிக்கு விஷயம் புரிந்துவிட்டது. நஞ்சுக்கொடி முழுசாக வரவில்லை. உள்ளே தங்கினது அழுகிக்கொண்டிருந்தது. அந்த வாடை வந்தால் ஒரு நொடி தாமதிக்காமல் டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்று மேட்ரனே பாடத்தில் சொல்லியிருக்கிறாள். செல்வராணி இரவெல்லாம் துணி மாற்றினாள், நெற்றிக்கு ஈரத் துணி போட்டாள். விடிந்ததும் எழுதினாள்: உதிரத்தில் அழுகிய நாற்றம். காய்ச்சல் நூற்று நான்கு. டாக்டர் இன்றே பார்க்க வேண்டும்.

கிராணி அந்தத் தாளை இரண்டு விரல் நுனியில் பிடித்தார். தாளே நாறுகிற மாதிரித் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"சீ! பொம்பள சமாச்சாரத்தப் போயி வெள்ளக்கார ஆம்பளைக்கு எழுதுறியே, ஒனக்கு வெக்கமா இல்ல?"

"அவரு டாக்டரு சார். வாடை வந்தாச் சொல்லணும்னு மேட்ரன்தான் சொன்னாங்க."

"சொல்லு, யாரு வேணாங்குறா? மொதல்ல மரியாதயா ஆரம்பி. கீழ 'சிறிது காய்ச்சல் உண்டு'ன்னு போடு, தொரை புரிஞ்சுக்குவாரு. நாத்தம்கிற வார்த்தையே இருக்கக் கூடாது. இல்ல, இந்தத் தாளு மேட்ரன்கிட்டப் போகும். மூணாவது. எப்படி வசதி?"

செல்வராணி நின்றாள். அந்த நேரத்தில் அவள் கருப்பாயியை நினைக்கவில்லை, கங்காணியின் மச்சினனை நினைத்தாள். அவன் மூக்கில் வளர்ந்திருக்கும் மயிர்தான் கண்முன் வந்தது. உட்கார்ந்து வேறு தாள் எடுத்து, முத்து முத்தாக எழுதினாள். பேஷண்ட் பாஸ்டு எ கம்ஃபர்டபிள் நைட்.

டாக்டர் வரவில்லை. தாள்தான் கையெழுத்தோடு திரும்பி வந்தது. மேல் வரியைப் பார்த்தார், தேநீர்க் கோப்பையை அதன்மேல் வைத்தார், அப்புறம் எடுத்துக் கையெழுத்துப் போட்டார் என்று மணியம் சொன்னார். கோப்பை வைத்த வட்டம் தாளில் பழுப்பாகத் தெரிந்தது. கருப்பாயியின் பெயர் மேலேயே அந்த வட்டம்.

செல்வராணி மேட்ரனிடம் ஓடினாள். மேட்ரன் வாசனைத் தண்ணீர் தெளித்த கைக்குட்டை இல்லாமல் பெண்கள் வார்டுக்குள் வருகிறவள் இல்லை. தாளை வாங்கிப் படித்தவள் முகம் மலர்ந்தது.

"ரொம்ப அழகாக எழுதியிருக்கிறாய். இத்தனை நாள் எங்கே ஒளித்து வைத்திருந்தாய் இந்த இங்கிலீஷை?"

"அம்மா, அவளுக்கு ரொம்ப மோசமாக இருக்கிறது. வாடை வருகிறது."

"அப்படியானால் ரிப்போர்ட்டில் எழுது. நர்ஸ் வாயால் சொல்லக் கூடாது, எழுத வேண்டும்."

கிராணி எழுத விடவில்லை என்று செல்வராணி சொல்லுவதற்குள் மேட்ரன் கைக்குட்டையோடு நடையைக் கட்டிவிட்டாள். எழுதினால் சீ என்கிறான் ஒருவன், சொன்னால் எழுது என்கிறாள் இன்னொருத்தி. இந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஒருத்தி அழுகிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் வகுப்பு முடிந்து அவள் வார்டுக்கு வந்ததும், வீரமுத்து சன்னலுக்கு வெளியே வந்து நின்றான். பிள்ளைக்கு ஆயா டின்பால் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். உள்ளே எட்டிப் பார்க்கவும் அவனுக்குத் தைரியமில்லை.

"டாக்டர் தொரைக்கு எழுதினீங்களா மிசி?"

"எழுதியிருக்கேன் அண்ணே."

"நீங்க எழுதிட்டீங்கன்னா எனக்குக் கவலையில்ல." சொல்லிவிட்டு அவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

அந்தக் கும்பிடு அவள் மேல் எச்சிலாக விழுந்தது. துடைத்துக்கொள்ளக்கூட வழியில்லை.

வியாழக்கிழமை விடியலில் கருப்பாயிக்குக் குளிர் கண்டு கட்டில் கிடுகிடுவென்று ஆடியது. கண் எங்கேயோ செருகிவிட்டது. இந்தத் தடவை செல்வராணி எழுதின தாளைக் கிராணி முழுசாகப் படிக்கவும் இல்லை. நாற்றம் என்ற சொல்லைக் கண்டதும் இரண்டாகக் கிழித்துத் தட்டில் போட்டு, அதன் மேலேயே துப்பினார். "நேத்து எழுதினியே, அதையே எழுது. மேட்ரன் எவ்வளவு சந்தோசப்பட்டாங்க தெரியுமா? ஒரே நாள்ல பாஸாகப் போற, அதக் கெடுத்துக்காத." அவள் எழுதினாள். இந்தத் தடவை அவள் ஒரு நொடிகூட நின்று யோசிக்கவில்லை. அதுதான் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

உறையை வாங்கப் போன மணியத்தை வாசலில் மறித்தாள்.

"அண்ணே, நீங்க வாயால சொல்லுங்க. வாடை அடிக்குது, ஒடனே வரணும்னு சொல்லுங்க."

மணியம் போனார். திரும்பி வந்து சொன்னது இதுதான்: "தொரைக்கு மலாயும் வரல, எனக்கு இங்கிலீசும் வரல. பொண்ணுன்னு சாடை காட்டி, மூக்கப் பொத்திக் காட்டினேம்மா. அவரு என்னா நெனைச்சாரோ, எம்மேல வேர்வை நாத்தம் அடிக்குதுன்னு நானே சொல்றேன்னு நெனைச்சுச் சிரிச்சுட்டாரு. சமையக்காரனக் கூப்பிட்டு எனக்கு ஒரு சோப்புக்கட்டி குடுத்துவிட்டாரு." அந்தச் சோப்புக்கட்டியை மடியிலிருந்து எடுத்துக் காட்டவும் காட்டினார். ரோஜா வாசனை.

கருப்பாயி அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் இறந்துபோனாள்.

வெள்ளிக்கிழமை டாக்டர் வந்தார். இரண்டு ரிப்போர்ட்டையும் திருப்பிப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். இரண்டு இரவும் நன்றாக இருந்தவளுக்குத் திடீரென்று வந்துவிட்டது, யார் என்ன செய்ய முடியும் என்று மேட்ரனிடம் சொன்னார். ஆமாம் என்றாள் மேட்ரன். போகிற போக்கில் செல்வராணியின் தோளைத் தட்டி, எழுத்துப் பரீட்சையில் அவள் தேறிவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போனாள். செல்வராணி பின்கட்டுக்குப் போய், குழாயடியில் குனிந்து வாந்தி எடுத்தாள். புழுவுக்கும் சீழுக்கும் வராத வாந்தி.

அடுத்த புதன்கிழமை வகுப்பில் கிராணி குஷியாக இருந்தார். அவள் எழுதின வியாழக்கிழமை ரிப்போர்ட்டை வரிக்கு வரி கரும்பலகையில் எழுதிப்போட்டு, "இதப் பாத்து எல்லாரும் எழுதுங்க. இதுதான் மாதிரி" என்றார். ராசம்மாவும் மற்றப் பெண்களும் தலையைக் குனிந்து எழுதினார்கள். பேனா முள் கீறுகிற சத்தம் செல்வராணிக்குப் பல்லைக் கூசவைத்தது.

அந்த நேரத்தில் வாசலில் வீரமுத்து வந்து நின்றான். தலை மொட்டையடித்திருந்தது. கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். நேரே வந்து அதைச் செல்வராணி முன்னால் மேஜையில் வைத்தான். "வீட்டுக் கொல்லையில காய்ச்சது மிசி. அவ வச்ச மரம்." பிறகு கிராணி பக்கம் திரும்பினான். "சாமி, ஊருல மாமியாருக்கு ஒரு கடுதாசி போடணும்."

கிராணிக்குத் தொழில் என்று வந்துவிட்டால் வகுப்பாவது ஒன்றாவது. சுத்தமான தாள் ஒன்றை எடுத்தார். மைப்புட்டியில் கட்டைவிரலைத் தொட்டு, நாலு மூலையிலும் கறுப்பு இழுவினார். பேனாவை எடுத்துக்கொண்டு, எழுதப்போவதை வாயால் சொல்லிப் பார்த்தார். "உமது மகள் கருப்பாயி வியாழக்கிழமை அந்தியில் காலமாகிவிட்டாள்..."

"மொதல்ல நலம்னு போடுவீங்களே சாமி?"

"போடா பைத்தியக்காரா. சாவுக் கடுதாசியில எவனாச்சும் நலம் போடுவானா? எடுத்த எடுப்புல விசயத்தச் சொல்லிடணும். படிக்கிறவங்களுக்கு மொத வரியிலயே தெரியணும், அதான் மொறை."

செல்வராணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அப்படியென்றால் இந்த ஆளுக்குத் தெரியும். முதல் வரியில் விஷயத்தைச் சொல்லுவது எப்படி என்று நன்றாகவே தெரியும். சாகிற வரைக்கும் அதைச் சொல்ல மாட்டார், அவ்வளவுதான்.

வீரமுத்து தயங்கினான். "சாமி, அதுல இன்னொண்ணும் சேத்து எழுதணும். பெத்த மகள நான் கவனிக்காம விட்டுட்டேன்னு அந்தம்மா நெனைச்சுடக் கூடாது. மிசி ரெண்டு நாளும் தொரைக்கு எழுதிச்சு. என்னா எழுதிச்சுன்னு படிச்சுக் காட்டினீங்கன்னா, அதையும் அப்படியே போட்டுடலாம்."

கிராணிக்கு ஒரு கணம் கூடத் தடுமாற்றம் இல்லை. கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தார், தொண்டையைச் செருமினார், இங்கிலீஷை வாசித்துத் தமிழில் சொல்லுகிறவர் மாதிரி ஆரம்பித்தார். "கருணையுள்ள தொரை அவர்களே, இந்த ஏழைப் பொண்ணு கருப்பாயி படாத பாடு படுறா. கைக்கொழந்தைக்காரி. தாங்கள் தெய்வம் மாதிரி வந்து காப்பாத்தணும்..." குரல் தழுதழுத்தது. இல்லாத எழுத்தைப் படித்து அவர் கண்ணில் தண்ணீர்கூட எட்டிப் பார்த்தது.

வீரமுத்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதான். "அப்படியா எழுதினீங்க மிசி? எங்கூடப் பொறந்தவகூட எனக்காக இப்படி எழுதமாட்டா." துண்டை எடுத்துவிட்டு, அவள் காலைத் தொடுவதற்குக் குனிந்தான்.

செல்வராணி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"தொடாதீங்க அண்ணே. நான் அப்படி எழுதல. அந்தப் பலகையில அப்படி இல்ல."

"ஒக்காரு!" என்றார் கிராணி.

"பலகையில இருக்கிறது இதுதான்." அவள் கரும்பலகைப் பக்கம் திரும்பினாள். "'கருப்பாயி ராத்திரிய சுகமாக் கழிச்சா.' இதுதான் மொத வரி. கீழ, 'கொஞ்சம் காச்சல் இருக்கு.' அவ்வளவுதான் அண்ணே. மொத நாளும் இதேதான். தொரை மேல் வரிய மட்டும் படிச்சுட்டு வராம இருந்துட்டாரு."

இங்கிலீஷில் வழுவழுவென்று கிடந்த வரி, தமிழில் சொன்னதும் அந்த அறையில் பச்சையாக நாறியது. எழுதிக்கொண்டிருந்த பெண்கள் பேனாவைக் கீழே வைத்தார்கள்.

"சுகமாவா?" என்று கேட்டான் வீரமுத்து. கோபமாகக் கேட்கவில்லை. சரியாகக் காதில் விழாதவன் கேட்கிற மாதிரிக் கேட்டான். "நானு ரெண்டு ராவும் சன்னலுக்கு வெளியதான் நின்னேன் மிசி. அவ பல்லக் கடிக்கிற சத்தம் எனக்கே கேட்டுச்சு. உள்ள இருந்த உங்களுக்குக் கேக்கலியா?"

"கேட்டுச்சு."

"அப்புறம் எதுக்கு அப்படி எழுதினீங்க?"

"கிராணி எழுதச் சொன்னாரு. எழுதலன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. எழுதினது என் கைதான்."

கிராணி மேஜையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். வெற்றிலைச் சாறு கடைவாயில் வழிந்தது. "நன்றி கெட்ட நாயி! ஒனக்கு நாகரிகம் சொல்லிக்குடுத்தேன் பாரு. ஒரு பாமரன் மனசு ஆறட்டும்னு ரெண்டு வார்த்த சொன்னா, அதையும் கெடுக்கிற. இப்பவே மேட்ரன்கிட்டப் போறேன். தட்டக் கழுவி வச்சிட்டுப் பெட்டியக் கட்டு!"

"பொட்டியக் கட்டுறேன். தட்ட நீங்களே கழுவிக்குங்க." செல்வராணி மூலை கறுத்த தாளைக் காட்டினாள். "செத்தவளுக்கு மட்டும் மொத வரியிலயே எழுதத் தெரியுதே சார் உங்களுக்கு. உசுரோட கெடந்தப்ப அந்த மொறை எங்க போச்சு?"

கிராணி துப்புவதற்குத் தட்டைத் தேடினார்.

செல்வராணி மேஜையிலிருந்த பேனாவை எடுத்தாள். மூலை கறுத்த தாளைத் தன் பக்கம் இழுத்தாள். "நான் எழுதித் தரேன் அண்ணே. நடந்தது நடந்தபடி எழுதுறேன். எம்பேரையும் போட்டு எழுதுறேன்."

வீரமுத்து அவள் கையைப் பார்த்தான். அவன் பெண்டாட்டிக்கு இரண்டு இரவு துணி மாற்றின கை, விடிந்ததும் சுகம் என்று எழுதின கை. பிறகு குனிந்து, அந்தத் தாளை அவள் விரலுக்கு அடியிலிருந்து மெல்ல உருவினான்.

"வேணாம் மிசி. நீங்களும் வேணாம், அவரும் வேணாம்."

"ஒண்ணும் எழுதலியே அண்ணே."

"மூலையில கறுப்பு இருக்கில்ல? அது போதும். உறையில பேரு மட்டும் மணியத்த எழுதச் சொல்லிக்கிறேன். அந்தம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, ஆனா கறுப்பு தெரியும். இதுல பொய் எதுவும் இல்ல."

வெற்றுத் தாளை அவன் நாலாக மடித்தான். மை இன்னும் காயவில்லை, விரலில் ஒட்டிற்று, வேட்டியில் துடைத்துக்கொண்டான். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே இறங்கிப் போனான். வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு போவான் என்று செல்வராணி எதிர்பார்த்தாள். எடுத்துக்கொண்டு போயிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆயாவின் அறையிலிருந்து பச்சைப் பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது, அப்புறம் அவன் அதை வாங்கிக்கொள்கிற சத்தம். அழுகை ரப்பர் மரங்களுக்குள் தேய்ந்து போயிற்று. கரும்பலகையில் கருப்பாயி இரவைச் சுகமாகக் கழித்துக்கொண்டிருந்தாள். ராசம்மாதான் எழுந்து போய், கிராணியைப் பார்க்காமலேயே, ஈரத் துணியால் அதை அழித்தாள். செல்வராணி பெட்டி கட்டப் போனாள். எனாமல் தட்டு நிறைந்தபடி மேஜையிலேயே இருந்தது, அதைக் கழுவ யாரும் எடுக்கவில்லை.